கருவிழியும் லென்ஸும் ஒரே நாளில்: என் இடது கண்ணில் நடந்தது

30 வருடத்துக்கு மேலாகப் பிழை திருத்துவதுதான் என் தொழில். விட்டுப்போன ஒற்று, இடம் மாறிய கால், ரகரம் றகரம் குழப்பம், இதையெல்லாம் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் என் கண் கெட்டுப்போவதை முதலில் எனக்குச் சொன்னவை மெய்யெழுத்துகள். காலை 7 மணிக்கு ஒரு பக்கத்தை எடுத்தால் எழுத்துகளின் தலையில் புள்ளி இருக்காது. 'பக்கம்' என்பது 'பககம' என்று கிடக்கும். 10 மணிக்குமேல் ஒவ்வொரு புள்ளியாக வந்து உட்காரும். மத்தியானத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும். தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒரே வருடத்தில் இரண்டு தடவை கண்ணாடி மாற்றினேன். புள்ளி வரும் நேரம்தான் தள்ளிக்கொண்டே போனது, 10 மணி 11 ஆனது, பிறகு 1 மணி ஆனது.

முதலில் பார்த்த மருத்துவர், "புரை வந்திருக்கும்மா, 61 வயசுக்கு இது சகஜம், லென்ஸ் வெச்சுடலாம்" என்றார். புரை இருந்தது உண்மைதான். காலையில் மட்டும் பனிமூட்டமாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, "புரைன்னா அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிட்டார். அறுவைக்கு நாள் குறித்து, தூரமும் கிட்டமும் இரண்டும் தெரிகிற விலை கூடிய லென்ஸ் ஒன்றையும் சிபாரிசு செய்தார்கள். என் மகள்தான் விடவில்லை. "அம்மா, புரை கடிகாரம் பார்த்துட்டா வரும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியோடு இன்னொரு இடத்துக்குப் போனோம். புரையால் வரும் மங்கல் நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். வெளிச்சத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும், அவ்வளவுதான். எழுந்தவுடன் மோசமாக இருந்து வெயில் ஏற ஏறத் தெளியும் மங்கல் என்றால் கருவிழியை, அதாவது கண்ணின் முன்புறம் கண்ணாடி போல இருக்கும் கார்னியாவை, சந்தேகப்பட வேண்டும். இதை யாராவது எனக்கு ஒரு வருடம் முன்னால் சொல்லியிருக்கலாம்.

இரண்டாவதாகப் பார்த்தவர் கருவிழிக்கென்றே படித்த மருத்துவர். விளக்கை என் கண்ணில் அடிப்பதற்கு முன்பே, "காலையில எழுந்ததும் எப்படி இருக்கு, சாயங்காலம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் புள்ளிக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "இதைவிட நல்லா யாரும் சொன்னதில்லைம்மா" என்றார். பிறகு ஒரு கருவியில் முகவாயை வைக்கச் சொல்லி, கருவிழியின் உள் அடுக்கைப் படம் எடுத்தார்கள். நல்ல கண்ணின் படத்தையும் என் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நல்ல கண் தேன்கூடு மாதிரி வரிசையாக இருந்தது. என்னுடையதில் கூட்டுக்கு நடுவே கறுப்புக் கறுப்பாக ஓட்டைகள். நடுப்பகுதியில் செல்களை எண்ணவே கருவியால் முடியவில்லை.

வியாதிக்குப் பெயர் ஃபூக்ஸ் டிஸ்ட்ரோஃபி. வியன்னாவில் இருந்த எர்ன்ஸ்ட் ஃபூக்ஸ் என்ற கண் மருத்துவர் 1910-ல் விவரித்தது. கருவிழி மொத்தமே அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தடிமன்தான். அதன் உட்புறத்தில் ஒரே ஒரு வரிசை செல்கள் இருக்கின்றன. கண்ணுக்குள் இருக்கும் நீர் கருவிழிக்குள் கசிந்துகொண்டே இருக்கும். அதை இந்தச் செல்கள் ஓயாமல் இறைத்து வெளியே தள்ளும். தண்ணீர் ஏறிய படகில் உட்கார்ந்து அள்ளி ஊற்றுகிற ஆள் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குச் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,500 செல்கள் இருக்கும். போனவை போனவைதான், புதிதாக முளைக்காது. ஆள் குறைந்தால் தண்ணீர் ஏறும், கருவிழி ஊறும், கண்ணாடி போல இருந்தது பனி படிந்த கண்ணாடி ஆகும். இரவில் இமை மூடியிருப்பதால் ஈரம் ஆவியாகப் போக வழியில்லை. பகலில் கண் திறந்திருக்கத் திறந்திருக்க மேற்புறத்திலிருந்து கொஞ்சம் உலரும். என் புள்ளிகள் இராத்திரி எங்கே போய், மத்தியானம் எங்கிருந்து வந்தன என்பது அப்போதுதான் விளங்கியது.

5 சதவீத உப்புக் கரைசல் சொட்டு மருந்து ஒன்று கொடுத்தார். ஊறிய நீரை அது வெளியே இழுக்கும். காலையில் போட்டால் எரியும், அரை மணி நேரம் தெளிவாக இருக்கும். முடி உலர்த்தும் கருவியைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்து இதமான காற்றை முகத்தில் படவிடுவதும் உண்டு. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கண்ணாடி முன்னால் நின்று கண்ணுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பொறுமைக்கு அவருக்கு நன்றி. ஆனால் இவையெல்லாம் நாள் கடத்தத்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரே கண்ணில் புரையும் இருக்கிறது, கருவிழியும் போய்க்கொண்டிருக்கிறது. எதை முதலில் செய்வது? இந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரு விடை கிடையாது. மருத்துவர் ஒரு பழைய சீட்டைத் திருப்பிப் போட்டு வரைந்து காட்டியதை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன்.

கருவிழிக் கோளாறு ஆரம்பக் கட்டத்தில்தான் இருக்கிறது, காலை மங்கல் இல்லை, தடிமன் ஏறவில்லை என்றால் புரையை மட்டும் எடுத்து லென்ஸ் வைத்துப் பார்க்கலாம். பலருக்கு அதுவே வருடக்கணக்கில் போதுமாகிவிடும். ஆனால் புரையை உடைக்கும் அல்ட்ராசவுண்ட் அதிர்வில் உள் அடுக்குச் செல்கள் கொஞ்சம் சாகும். கையிருப்பு குறைவாக உள்ள கண்ணில் அந்த இழப்பே கருவிழியை நிரந்தரமாக ஊறவைத்துவிடலாம். 'லென்ஸ் வெச்ச பிறகுதான் கண்ணே போச்சு' என்று சொல்கிறவர்களில் சிலருக்கு நடந்தது இதுதான். எனக்குக் காலைத் தடிமன் 640 மைக்ரான். சாதாரணமாக 540 பக்கம் இருக்க வேண்டும். புரை மட்டும் எடுத்தால் சீக்கிரமே இரண்டாவது முறை மேசையில் படுக்க வேண்டியிருக்கும் என்றார்.

சரி, கருவிழியை மட்டும் மாற்றிப் புரையை விட்டுவைத்தால்? அந்த அறுவையும், பிறகு மாதக்கணக்கில் போடும் ஸ்டீராய்டு சொட்டும் புரையை வேகமாக முற்றவைக்கும். அப்புறம் புரை எடுக்கப் போனால் புதிதாக வைத்த செல்கள் அடிவாங்கும். கடன் வாங்கி நட்ட நாற்றின் மேலேயே ஏர் ஓட்டுகிற மாதிரி. ஆகவே எனக்கு இரண்டும் ஒரே நாளில் என்று முடிவாயிற்று. புரையை எடுப்பது, லென்ஸ் வைப்பது, கருவிழியின் உள் அடுக்கை மாற்றுவது என மூன்று வேலை என்பதால் அங்கே எல்லோரும் இதை 'டிரிபிள்' என்றுதான் சொல்கிறார்கள். புரையை முதலில் எடுத்துவிட்டுச் சில மாதம் கழித்து உள் அடுக்கை மாற்றுகிற மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஒரு சிலருக்குப் புரை எடுத்த பிறகு இரண்டாவது அறுவை தேவைப்படாமலே போகும் என்பது அந்த முறையின் லாபம்.

காத்திருப்பு அறையில் பழக்கமான ஒரு பெரியவருக்கு இதற்கு நேர்மாறான முடிவு. அவருக்கும் புரை உண்டு, கருவிழியும் பழுதுதான். "உனக்கு மட்டும் ஒரே தடவைல முடிச்சுட்டாங்க, என்னை ஏம்மா ரெண்டு தடவை அலைய விடறாங்க?" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். நானும் அவருக்காக மருத்துவரிடம் கேட்டேன். இந்த விளக்கம் கேட்ட பிறகுதான் எனக்கு என் கண்ணே சரியாகப் புரிந்தது.

அவர் கண்ணில் ஏதோ குத்திப் புண்ணாகி, ஆறியபின் வெள்ளைத் தழும்பு விழுந்துவிட்டது. தழும்பு கருவிழியின் முழுத் தடிமனுக்கும் போனதால் உள் அடுக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. நடுவில் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, தானமாக வந்த வட்டத்தை வைத்து, முடியைவிட மெல்லிய நைலான் இழையில் 16 தையல் போட்டிருந்தார்கள். உள்ளே வைக்கும் லென்ஸுக்கு என்ன பவர் என்று கணக்குப் போட இரண்டு அளவுகள் முக்கியம். ஒன்று கண்ணின் நீளம், மற்றொன்று கருவிழியின் வளைவு. நீளம் மாறாது. வளைவு? புதுக் கருவிழி எப்படி ஆறும், 16 தையலும் எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. தையலெல்லாம் பிரித்து முடிக்க ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகலாம். அதற்கு முன்பே லென்ஸ் வைத்தால் தோராயக் கணக்குதான்; நினைத்த பவர் ஒன்று, வந்து நிற்பது இன்னொன்று. அதனால் அவருக்கு முதலில் கருவிழி, தையல் பிரித்து அளவு நிலைத்த பிறகு லென்ஸ். புதுச் செல்கள் கொஞ்சம் போகும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. முழுத் தடிமன் மாற்றும்போதே புரையையும் எடுத்தால் கண் கொஞ்ச நேரம் மூடியில்லாத பாத்திரம் போலத் திறந்தே இருக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் உள்ளே இரத்தக் கசிவு வந்தால் மிகவும் ஆபத்து. புரை ரொம்ப முற்றிப்போனவர்களுக்கு வேறு வழியில்லாமல் செய்வதும் உண்டாம்.

என் விஷயத்தில் கருவிழியின் முன்பக்கம் அப்படியே இருக்கிறது. பின்பக்கத்து மெல்லிய சவ்வு மட்டும்தான் மாறுகிறது, தையல் கிடையாது. அதனால் வளைவு பெரிதாக மாறாது, லென்ஸ் கணக்கு பெரும்பாலும் பலிக்கும். ஒரே ஒரு சின்னத் திருத்தம்: ஊறியிருந்த கருவிழி வற்றும்போது பவர் பிளஸ் பக்கம் அரை டயாப்டர் அளவுக்கு நகரும். அதை முன்பே கழித்து, கொஞ்சம் மைனஸ் வரும்படி லென்ஸைத் தேர்ந்தெடுப்பார்கள். எனக்கு மைனஸ் 0.75 குறி வைத்தார்கள், கடைசியில் மைனஸ் 0.25-ல் வந்து நின்றது. 'ஒண்ணா செய்யறதா, தனித்தனியாவா' என்று யார் கேட்டாலும், உங்கள் கருவிழியில் எந்த அடுக்கு பழுது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் நான் இப்போது சொல்வது. மற்ற முடிவெல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கிறது.

இந்த இரண்டு சிகிச்சைகளும் வந்த வழியைப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. மனிதருக்கு மனிதர் கருவிழி மாற்றி முதலில் வெற்றி பெற்றவர் எடுவார்ட் சிர்ம், 1905 டிசம்பர் 7-ல், இன்றைய செக் நாட்டில் இருக்கும் ஓலோமோட்ஸ் என்ற ஊரில். கண்ணுக்குள் லென்ஸ் வைப்பதற்கு அதன்பிறகு 44 வருடம் ஆனது: 1949 நவம்பரில் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி. போர் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கண்ணாடிப் பிளாஸ்டிக் துணுக்குகள் கண்ணை உறுத்தாமல் அப்படியே கிடந்ததைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை அது. எனக்குச் செய்த டிமெக் என்ற முறையை நெதர்லாந்தின் கெரிட் மெல்லஸ் 2006-ல் அறிமுகப்படுத்தினார். என் அம்மாவுக்கு இதே வியாதி இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. 'காலையில கண்ணு தொறக்கவே மாட்டேங்குது' என்பார். அவர் காலத்தில் இந்தச் சிகிச்சை பிறக்கவே இல்லை.

லென்ஸ் விஷயத்தில் இரண்டு பாடம். முதல் இடத்தில் சொன்ன, தூரமும் கிட்டமும் தெரியும் லென்ஸை இவர் வேண்டாம் என்றார். அது உள்ளே வரும் வெளிச்சத்தைப் பங்கு போட்டுக் கொடுப்பது. கருவிழி பழுதான கண்ணில் ஏற்கெனவே வெளிச்சம் சிதறுகிறது. அதையும் பங்கு போட்டால் எழுத்தின் கறுப்பு வெளிறிப்போகும். சாதாரண ஒரே தூர லென்ஸ், படிக்கக் கண்ணாடி என்று முடித்தோம். இரண்டாவது, லென்ஸின் பொருள். நீரை ஈர்க்கும் வகை அக்ரிலிக், நீரை ஈர்க்காத வகை அக்ரிலிக் என்று உண்டு. உள் அடுக்கு மாற்றும்போது கண்ணுக்குள் காற்றோ வாயுவோ நிரப்புவார்கள். நீரை ஈர்க்கும் வகை லென்ஸில் அதன்பிறகு சுண்ணாம்பு படிந்து மங்கிவிடுவது உண்டு. மங்கினால் லென்ஸையே மாற்ற வேண்டும். இன்றைக்குப் புரை மட்டும்தான் எடுக்கிறார்கள், ஆனால் கருவிழியும் பலவீனம் என்று தெரிந்தவர்கள்கூட இதைக் கேட்டு வைப்பது நல்லது, நாளைக்குக் கருவிழிக்கு வேலை வந்தால் உதவும்.

தானக் கண்ணுக்காகக் காத்திருந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத வரவில்லை. தொலைபேசி எப்போது அடிக்கும் என்று இருப்பது ஒரு பக்கம். அது அடிக்க வேண்டுமானால் எங்கோ ஒரு வீட்டில் என்ன நடந்திருக்க வேண்டும் என்பது இன்னொரு பக்கம். இளவயதுக்காரர் கண் கிடைத்தால் நல்லது என்று யாரோ சொன்னார்கள். மருத்துவர் சிரித்தார். இந்த முறைக்கு வயதானவர்களின் சவ்வுதான் கையாள வசதியாம்; இளவயதினர் சவ்வு இறுக்கமாகச் சுருண்டுகொண்டு விரிய மறுக்கும். 'எனக்கு வயசாயிடுச்சு, என் கண்ணு யாருக்கு உதவப்போகுது' என்று கண் தானத்துக்குத் தயங்குகிற எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புரை அறுவை செய்தவர்களும் கண்ணாடி போடுகிறவர்களும்கூடக் கொடுக்கலாம்.

அறுவை நாளில் கண்ணுக்குப் பக்கத்தில் மரத்துப்போக ஊசி. அது ஒன்றுதான் வலி. மேலே துணி மூடிவிட்டார்கள். வெளிச்சம் தெரியும், குரல் கேட்கும். புரையை உடைக்கும்போது கருவியிலிருந்து ஒரு ரீங்காரம் ஏறி இறங்கியது. லென்ஸ் உள்ளே போனதும் அந்தச் சத்தம் நின்றது. பிறகுதான் நீண்ட மௌனம். பழைய சவ்வை உரித்தெடுத்தபின், புதிய சவ்வைச் சின்னக் குழாய் வழியாக உள்ளே விடுகிறார்கள். அதன் தடிமன் 10, 15 மைக்ரான்தான். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நீலச் சாயம் ஏற்றியிருப்பார்கள். அது பாய் போலச் சுருண்டுகொள்ளும். கையால் தொடக்கூடாது, வெளியிலிருந்து கருவிழியைத் தட்டித் தட்டி, நீரை அசைத்து அசைத்து விரிக்க வேண்டும். தலைகீழாக ஒட்டிவிட்டால் வேலை செய்யாது என்பதால் அதன் மேல் 'எஸ்' என்ற ஆங்கில எழுத்தை முத்திரை குத்தியிருப்பார்கள். எழுத்து நேராகத் தெரிந்தால் சவ்வும் நேர். "எஸ் நேரா இருக்கா? பாரு... சரி, கேஸ் கொடு" என்று மருத்துவர் சொன்னது என் காதில் விழுந்தது. என் கண்ணுக்குள்ளேயே பிழை திருத்தம் நடக்கிறது என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காதீங்கம்மா, ஆடக்கூடாது" என்றார்.

சவ்வை ஒட்டுவது தையலும் இல்லை, பசையும் இல்லை. கண்ணுக்குள் விட்ட வாயுக் குமிழிதான் கீழிருந்து மேலே தள்ளிப் பிடித்துக்கொள்கிறது. குமிழி எப்போதும் மேல்நோக்கித்தான் போகும். அதனால் நாம் கூரையைப் பார்த்து மல்லாக்கப் படுத்தால்தான் அது கருவிழியின் மேல் அழுத்தும். எழுந்து உட்கார்ந்தால் நெற்றிப் பக்கம் ஓடிவிடும். இந்தப் படுக்கைதான் மொத்தச் சிகிச்சையிலும் நம் பங்கு, அதைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்வதில்லை. 'ரெண்டு மூணு நாள் மல்லாக்கப் படுங்க' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

எனக்குச் சொன்னது முதல் 3 நாள். சாப்பிட, கழிவறைக்குப் போக, சொட்டு மருந்து போட்டுக்கொள்ள மட்டும் எழலாம். முதல் 4 மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் இடுப்பு ஆரம்பிக்கும். முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை கொடுத்தால் இடுப்பு வலி பாதி குறையும். தலைக்கு உயரமான தலையணை வைத்தால் முகம் சாய்ந்துவிடும், மெல்லியதுதான் சரி. குதிகாலுக்கு அடியில் மடித்த துணி. வளையும் உறிஞ்சு குழல் இருந்தால் தண்ணீர் குடிக்க எழ வேண்டாம். மலச்சிக்கல் வராமல் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். முக்கக்கூடாது என்று சொல்வார்கள், 3 நாள் அசையாமல் படுத்திருப்பவருக்கு அது சொல்வது போலச் சுலபம் இல்லை. இருமல் சளி இருந்தால் தள்ளிப்போடச் சொல்லுங்கள். அறுவைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினம் ஒரு மணி நேரம் மல்லாக்கப் படுத்துப் பழகிக்கொண்டேன், அது எனக்கு நன்றாகவே உதவியது. இரவில் தூக்கத்தில் புரண்டுவிடுவேனோ என்ற பயத்துக்கு இரண்டு பக்கமும் சுருட்டிய போர்வையை அணை கட்டினாள் மகள். கண்ணில் வாயு இருக்கும்வரை விமானத்தில் ஏறக்கூடாது, உயரமான மலைக்குப் போகக்கூடாது. மேலே போகப் போக வாயு விரிந்து கண் அழுத்தம் ஏறும்.

5-ஆம் நாள் பரிசோதனையில் சவ்வின் ஓரம் ஒரு பக்கம் கழன்றிருந்தது. எனக்கு உள்ளுக்குள் என்னவோ போல் ஆகிவிட்டது. முந்தைய நாள் மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிப்போனதுதான் காரணமோ என்று குமைந்தேன். அப்படிச் சொல்ல முடியாது, ஒழுங்காகப் படுத்தவர்களுக்கும் கழலும் என்றார் மருத்துவர். மறுபடி கொஞ்சம் காற்று விட்டார்கள், அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. மறுபடி 2 நாள் கூரை. இந்த முறையில் இது அடிக்கடி நடப்பதுதான், தோல்வி இல்லை என்று முன்பே சொல்லியிருந்தால் அந்த இரவு நான் அழுதிருக்க மாட்டேன். நீங்கள் போகும்போது, 'காத்து திரும்ப விட வேண்டி வருமா?' என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

சொட்டு மருந்துக்கு வருகிறேன். எனக்குத் தந்த ஸ்டீராய்டு சொட்டு பால் போல வெள்ளையாக இருக்கும். அது கரைசல் இல்லை, தூள் கலந்த நீர். வைத்தால் அடியில் படியும். குலுக்காமல் போட்டால் மேலே இருக்கும் தண்ணீர்தான் கண்ணில் விழும், மருந்து குப்பியில் தங்கிவிடும். 2 வாரம் நான் சரியாகக் குலுக்கவில்லை. அடுத்த பரிசோதனையில் கண்ணுக்குள் அழற்சி எதிர்பார்த்ததைவிட அதிகம் என்றார்கள். மகள் என் கையிலிருந்த குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோதுதான் தெரிந்தது, அடியில் சுண்ணாம்பு மாதிரி ஒரு படிவம். இரண்டு மருந்துக்கு நடுவே 5 நிமிடம் இடைவெளி விட வேண்டும், போட்டதும் மூக்கோரத்துக் கண்மூலையை விரலால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இவை சின்ன விஷயங்கள்தான், ஆனால் சீட்டில் எழுதித் தருவதில்லை.

அதே மருந்து 6-ஆவது வாரத்தில் என் கண் அழுத்தத்தை 28-க்கு ஏற்றிவிட்டது. 21 தாண்டினாலே கவனிக்க வேண்டும். எனக்கு வலியும் இல்லை, சிவப்பும் இல்லை, பார்வை நன்றாகவே இருந்தது. 'நல்லாத்தானே இருக்கு, அடுத்த மாசம் போய்க்கலாம்' என்று தள்ளிப்போடத்தான் நினைத்தேன். அன்றைக்குப் போகாமல் இருந்திருந்தால் பின்னால் இருக்கும் நரம்புக்குச் சேதம் ஆகியிருக்கும். வேகம் குறைந்த ஸ்டீராய்டுக்கு மாற்றி, அழுத்தம் குறைக்கும் சொட்டு ஒன்றும் சேர்த்தார்கள். இப்போது 16.

பார்வை ஒரே நாளில் வந்துவிடவில்லை. குமிழி இருந்தவரை எல்லாம் தண்ணீருக்குள். அது சுருங்கச் சுருங்க மேலே ஒரு கோடு ஆடிக்கொண்டிருந்தது, தலையை அசைத்தால் ரசமட்டம் போல அசையும். 9-ஆம் நாள் அதுவும் மறைந்தது. முதலில் தெரிந்தது நிறம். வெள்ளைச் சுவர் என்று நான் நினைத்திருந்தது வெள்ளையாக இல்லாமல் இத்தனை வருடம் மஞ்சள் பூசியிருந்ததைப் புரை எடுத்த எல்லோரும் சொல்வார்கள், எனக்கும் அதே. எழுத்துக்கு ஒரு மாதம் ஆனது. 5-ஆவது வாரம் ஒரு காலை, எழுந்து முகம்கூடக் கழுவாமல் ஒரு பக்கத்தை எடுத்தேன். எல்லா மெய்யெழுத்தும் புள்ளியோடு இருந்தது. மூன்றாவது வரியில் 'பார்க்க கூடாது' என்று ஒற்று விட்டுப்போயிருந்ததையும் பார்த்துவிட்டேன். சமையலறையில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா இந்தக் கத்து கத்தினே?" என்றார்.

பெரியவர் கதை இடையில் ஒரு தடவை தடம் மாறியது. 8-ஆவது மாதம், கண் நன்றாக இருக்கிறதே என்று சொட்டு மருந்தைத் தானாகவே நிறுத்திவிட்டார். 3 வாரத்தில் கண் சிவந்தது, வெளிச்சம் கூசியது, பார்வை மங்கியது. உடம்பு அந்தக் கருவிழியை அந்நியம் என்று கண்டுபிடித்துவிட்டது. நல்ல வேளையாக இரண்டாம் நாளே ஓடி வந்தார். மணிக்கு ஒரு தடவை ஸ்டீராய்டு போட்டு மீட்டுவிட்டார்கள். முழுத் தடிமன் மாற்றியவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம், என் முறையில் மிகக் குறைவு. ஆனாலும் இல்லை என்று சொல்ல முடியாது என்பதால் நான் இன்றும் தினம் ஒரு சொட்டு போட்டுக்கொண்டிருக்கிறேன். அவருக்குக் கடைசித் தையல் போன மாதம் பிரித்தார்கள். லென்ஸுக்கு அளவு எடுத்தாகிவிட்டது. "இப்ப கணக்கு சரியா வந்துச்சாம்மா" என்று தொலைபேசியில் சொன்னார், குரலில் பழைய குறை இல்லை.

இந்த வியாதி பல குடும்பங்களில் வழிவழியாக வரும் என்பதால் மகளையும் பரிசோதித்தோம். 34 வயது, பார்வையில் ஒரு குறையும் இல்லை. படத்தில் இரண்டு மூன்று கறுப்புப் புள்ளிகள் மட்டும் இருக்கின்றன. இப்போதைக்கு வருடம் ஒரு முறை பார்த்தால் போதும். ஜப்பானில் கியோட்டோ மருத்துவர்கள் ஆய்வகத்தில் வளர்த்த செல்களைக் கண்ணுக்குள் ஊசியால் செலுத்தி, 2018-ல் முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். அங்கே 2023-ல் அதற்கு அனுமதியும் கிடைத்துவிட்டது. ஒருவர் தந்த கண்ணிலிருந்து பலருக்கு ஆகும். அவளுக்கு வேளை வரும்போது இந்தக் கூரையைப் பார்க்கும் படலம் இருக்குமோ, என்னவோ.

என் வலது கண்ணுக்கும் இதே டிரிபிள்தான், நாள் குறித்தாகிவிட்டது. அதுவரைக்கும், அதற்கு அப்புறமும், தினம் காலையில் செய்யச் சொன்ன ஒரு சோதனை இருக்கிறது. ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்க்க வேண்டும், பிறகு மற்றக் கண். இடது கண்ணில் சிவப்பு, கூச்சம், மங்கல், வலி இதில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும், மறுநாள் வரை பொறுக்கக்கூடாது. படுக்கைக்குப் பக்கத்தில் அதற்கென்றே ஒரு பழைய பிழைத்திருத்தப் படியை வைத்திருக்கிறேன். இடதை மூடினால் 'பககம'. வலதை மூடினால் 'பக்கம்'.